முக ஃபில்லர்: கரைக்கும் மருந்து இல்லாத இடத்தில் ஊசி வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முகூர்த்த மாதங்கள் நெருங்கும்போதெல்லாம் தங்கள் நாளிதழ் உள்பட பல இதழ்களின் இணைப்புகளில் மணப்பெண் அலங்காரப் பக்கங்கள் வருகின்றன. ஃபேஷியல், மெஹந்தி, கூந்தல் அலங்காரம் என்ற வரிசையில் இப்போது ஃபில்லர் ஊசியும் சேர்ந்துவிட்டது. தாடையைக் கூராக்கலாம், கன்னத்தை எடுப்பாக்கலாம், சப்பை மூக்கை உயர்த்தலாம், அரை மணி நேர வேலை, கத்தி படாது, பக்கவிளைவு கிடையாது என்று எழுதுகிறார்கள். அரை மணி நேரம் என்பது சரி. கத்தி படாது என்பதும் சரி. பக்கவிளைவு கிடையாது என்பது பொய். தோல் சிகிச்சையிலும் கண் சிகிச்சையிலும் இருக்கும் நாங்கள் இருவரும் சேர்ந்து இந்தக் கடிதத்தை எழுதுவது அதனால்தான்.

ஃபில்லரே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. படித்த கையில், சரியான இடத்தில், சரியான அளவில் அது நல்ல சிகிச்சை. ஆனால் ஒரு விஷயத்தில் எங்களுக்கு விட்டுக்கொடுப்பு இல்லை: ஊசி போடும் அறையில், போட்ட ஃபில்லரைக் கரைக்கும் ஹையலூரானிடேஸ் என்ற மருந்து போதுமான அளவு இல்லையென்றால், அங்கே ஃபில்லர் போட்டுக்கொள்ளக் கூடாது. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். போடாக்ஸ் வேறு, ஃபில்லர் வேறு. போடாக்ஸ் தசையைத் தளர்த்திச் சுருக்கத்தைக் குறைக்கும். ஃபில்லர் இடத்தை அடைத்து மேடாக்கும். இன்று பெரும்பாலும் பயன்படுவது ஹையலூரானிக் அமில ஜெல். நம் தோலிலும் மூட்டுகளிலும் இயல்பாகவே உள்ள பொருள்தான் அது. ஆனால் உடலில் உள்ள வடிவிலேயே செலுத்தினால் ஓரிரு நாளில் கரைந்துபோகும். அதனால் அதன் இழைகளை பி.டி.டி.இ. என்ற வேதிப்பொருளால் ஒன்றோடொன்று பிணைத்து ஜெல்லாக்குகிறார்கள். பல தயாரிப்புகளில் ஒரு மி.லி.க்கு 20 மி.கி. அளவில் அமிலம் இருக்கும். வலி தெரியாமல் இருக்க 0.3 சதவீத லிடோகெயினும் சேர்ப்பார்கள். இடத்தையும் தயாரிப்பையும் பொறுத்து ஆறு மாதம் முதல் ஒன்றரை ஆண்டு வரை நிற்கும் என்பது பொதுக் கணக்கு. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் அதற்கு வெகுகாலம் பின்னும் ஜெல் தென்பட்டிருக்கிறது. அதனால் கரைந்திருக்கும் என்ற நினைப்பில் ஆண்டுதோறும் அதே இடத்தில் ஏற்றிக்கொண்டே போனால் முகம் ஊதிப்போகும்.

ஹையலூரானிக் அமில ஜெல்லின் பெரிய நன்மை, தேவைப்பட்டால் கரைத்துவிடலாம் என்பது. கரைப்பது ஹையலூரானிடேஸ் என்ற நொதி. வேறு வகை ஃபில்லர்களான கால்சியம் ஹைட்ராக்ஸி அபடைட்டையும், பாலி லாக்டிக் அமிலத்தையும், நிரந்தரமாகத் தங்கும் பி.எம்.எம்.ஏ. என்ற பிளாஸ்டிக் துகள்களையும் அது கரைக்காது. திரவ சிலிகானைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்: இடம் நகரும், பல ஆண்டு கழித்துக்கூடக் கட்டிகளாகும், முழுமையாக எடுக்கவும் முடியாது. முகத்தை வடிவமைக்க திரவ சிலிகானை ஊசியாகச் செலுத்த அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. அனுமதி தரவில்லை, செலுத்திக்கொள்ளாதீர்கள் என்று எச்சரித்தும் இருக்கிறது. விலை குறைவு, வாழ்நாள் முழுக்க நிற்கும் என்று யாராவது ஆசை காட்டினால் சிரிஞ்சில் இருப்பது என்னவென்று சந்தேகப்படுங்கள்.

ஆபத்து எங்கே இருக்கிறது? ரத்தக் குழாயில். முகத்துத் தமனிகள் ஆளுக்கு ஆள் இடம் மாறி ஓடுபவை. மூக்கின் ஓரமாக ஏறும் கிளைகளும், பொட்டு வைக்கும் இடத்தில் நெற்றிக்குப் போகும் கிளைகளும் கண்ணுக்கு ரத்தம் தரும் தமனியோடு இணைந்திருக்கின்றன. ஊசி முனை தெரியாமல் அப்படி ஒரு கிளைக்குள் நுழைந்து, பிஸ்டனை வேகமாக அழுத்தினால், அந்த அழுத்தம் ரத்த அழுத்தத்தையும் மிஞ்சி ஜெல்லை எதிர்த்திசையில் கண் வரைக்கும் தள்ளிவிடும். அழுத்துவதை நிறுத்தியதும் ரத்தம் பழையபடி ஓட, ஜெல் அதனோடு விழித்திரைத் தமனிக்குள் போய் அடைத்துக்கொள்ளும். எவ்வளவு ஜெல் தேவை தெரியுமா? புருவ நடுவிலிருந்து கண்குழியின் உள்முனை வரை அந்தத் தமனி கொள்ளும் அளவு சராசரியாக 0.085 மி.லி. என்று உடற்கூறு ஆய்வில் அளந்திருக்கிறார்கள். ஒரு மி.லி. சிரிஞ்சில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஒரே இடத்தில் ஒரே அழுத்தில் 0.1 மி.லி.க்கு மேல் விடக் கூடாது என்று கற்றுக்கொடுப்பது இதனால்தான்.

2015 வரை உலக மருத்துவ இதழ்களில் பதிவான 98 பார்வை இழப்புகளைத் திரட்டி ஒரு ஆய்வு வந்தது. அதில் புருவ நடுவில் போட்ட ஊசிகள் முதலிடம், மூக்கில் போட்டவை அடுத்த இடம். 98-இல் ஏறக்குறைய பாதி, நோயாளியின் சொந்தக் கொழுப்பையே எடுத்து முகத்தில் செலுத்தியவை. என் உடம்புக் கொழுப்புதானே, என்ன ஆகிவிடும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அடுத்த சில ஆண்டுகளுக்கான தொகுப்பு 2019-இல் வந்தது. மேலும் 48 பேர். பாதிக்கு மேல் மூக்கில் ஊசி போட்டுக்கொண்டவர்கள். பெரும்பாலும் ஹையலூரானிக் அமிலம். இலட்சக்கணக்கான ஊசிகளில் இது அபூர்வம் என்பது உண்மைதான். ஆனால் இதழ்களில் பதிவானவை மட்டுமே இந்தக் கணக்கில் உள்ளன. பார்லரில் நடந்ததை எந்த இதழுக்கும் யாரும் எழுதி அனுப்புவதில்லை.

கண்ணுக்குப் போகும் அடைப்பு சில நொடிகளில் தெரிந்துவிடும். பார்வை இருண்டு போகும். கண்ணில் கடும் வலி, வாந்தி, இமை தொங்குதல் வரலாம். சிலருக்கு மூளைக்கும் அடைப்பு போய்ப் பக்கவாதம் வரும். விழித்திரை ரத்தம் இல்லாமல் தாங்குவது 60 முதல் 90 நிமிடம் வரைதான். கண்ணுக்குப் பின்னால் ஹையலூரானிடேஸ் செலுத்திப் பார்க்கிறார்கள். சிலருக்கு ஓரளவு பார்வை திரும்பியிருக்கிறது, உறுதியான பலன் என்று சொல்லும் நிலை இன்னும் வரவில்லை. எனவே கண் தெரியவில்லை என்று சொன்ன கணமே ஊசியை நிறுத்தி, நேராகக் கண் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். கொஞ்ச நேரம் படுங்கள், சரியாகிவிடும் என்று சொல்லி உட்கார வைப்பவர் உங்கள் பார்வையைத்தான் பணயம் வைக்கிறார்.

தோலுக்குப் போகும் அடைப்பு இன்னும் அதிகம் நடக்கிறது. பதற்றமில்லாமல் உடனே கவனித்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். உதடு, மூக்கு நுனி, மூக்கோரத்திலிருந்து வாயோரம் இறங்கும் மடிப்பு ஆகியவை அடிக்கடி பாதிக்கப்படும் இடங்கள். பாடநூல்கள் சொல்லும் முதல் அறிகுறி, தோல் திடீரென வெளுப்பது. இங்கேதான் நம் நிறத்துக்கென்று ஒரு சிக்கல். வெள்ளைத் தோலில் பளிச்சென்று தெரியும் வெளுப்பு மாநிறத்திலும் கறுப்பு நிறத்திலும் கண்ணுக்குத் தெரியாமலே போகலாம். அதனால் அழுத்திப் பார்க்க வேண்டும். சந்தேகப்படும் இடத்தை விரலால் ஐந்து நொடி அழுத்திவிட்டு எடுங்கள். நிறம் இரண்டு மூன்று நொடிக்குள் திரும்பினால் ரத்தம் ஓடுகிறது. அதற்கு மேல் ஆனாலோ, முகத்தின் மறுபக்கத்தோடு ஒப்பிட்டால் மெதுவாகத் திரும்பினாலோ, அடைப்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள். உதட்டில் ஊசி என்றால் உதட்டை மடக்கி உட்புறத்தையும் ஈறையும் பாருங்கள். அங்கே நிறமி குறைவு, மாற்றம் எளிதில் தெரியும். வலை பின்னியது போன்ற ஊதா நிறக் கோடுகள் அடுத்து வரும். ஓரிரு நாளில் சிறு சீழ்க்கொப்புளங்கள் வரும். அவற்றைப் பரு என்று நினைத்து முகப்பருக் களிம்பு தடவிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. அதற்குப் பின் தோல் கறுத்து உதிரும், வடு நிற்கும்.

வலியையும் முழுதாக நம்ப முடியாது. ஜெல்லில் உள்ள லிடோகெயின் அந்த இடத்தை மரக்கச் செய்துவிடுவதால், அடைப்பு ஏற்பட்டும் வலிக்காமல் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். இரவில் மருந்து இறங்கியதும் வலி ஏறுகிறது. சாதாரண வீக்கத்தின் வலி நேரம் ஆக ஆகக் குறையும். அடைப்பின் வலி கூடும். இந்த ஒரு வித்தியாசத்தை ஃபில்லர் போட்டுக்கொள்ளும் எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் கூடும் வலிக்கு ஐஸ் வைக்காதீர்கள், ரத்தக் குழாய் மேலும் சுருங்கும். போட்ட மருத்துவரை அந்த இரவே அழைத்து எழுப்புங்கள். இரவில் அழைக்க எண் கொடுக்காத இடத்தில் போட்டுக்கொள்ளவே வேண்டாம்.

சிகிச்சை இதுதான். பாதிக்கப்பட்ட பகுதி முழுக்க ஹையலூரானிடேஸ் செலுத்தி, நன்றாகத் தடவிவிட்டு, வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுக்க வேண்டும். மருத்துவர் தடையில்லை என்றால் ஆஸ்பிரினும் தருவார். அளவுதான் முக்கியம். உதட்டில் ஒரு பாதி, மூக்கு, மூக்கோர மடிப்பு என்று ஒவ்வொரு பகுதிக்கும் சுமார் 500 யூனிட். ஒரு மணி நேரம் கழித்து அழுத்திப் பார்த்து, நிறம் திரும்புவது சீராகவில்லையென்றால் மறுபடி அதே அளவு. சீராகும் வரை மறுபடியும் மறுபடியும். இந்த முறை இப்போது பரவலாகக் கையாளப்படுகிறது. நம் ஊரில் கிடைக்கும் குப்பியில் 1500 யூனிட் தூளாக இருக்கும். அடைப்பு மூன்று பகுதிக்குப் பரவியிருந்தால் ஒரு சுற்றுக்கே ஒரு குப்பி காலி. இரவு நேரத்தில் இரண்டாவது குப்பிக்காக மருந்துக்கடை கடையாக ஓடிக்கொண்டிருந்தால் தோல் காத்திருக்காது. ஐந்து குப்பியாவது அறையில் இருக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. அரிய மருந்தோ விலை கூடிய மருந்தோ அல்ல அது. கண்புரை அறுவைக்கு முன் கண்ணைச் சுற்றிப் போடும் மரப்பு ஊசியில் கலப்பதற்காகக் கண் மருத்துவமனைகள் வாங்கி வைப்பதுதான். ஒரு ஃபில்லர் சிரிஞ்சின் விலை பெரும்பாலும் ஐந்து இலக்கம். அதோடு பார்த்தால் இந்தக் குப்பிகளின் விலை சிறு தொகை. அதை வாங்கி வைக்காதவருக்கு ஃபில்லர் விற்க என்ன தகுதி?

தேனீ, குளவி கொட்டி உடம்பெல்லாம் தடித்துப்போனவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். அவர்களுக்கு ஹையலூரானிடேஸும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். ஆகவே அதே அறையில் கடும் ஒவ்வாமைக்குப் போடும் அட்ரினலினும், அதைப் போடத் தெரிந்தவரும் இருந்தாக வேண்டும்.

ஊசி போடுபவர்களுக்கும் ஒன்றிரண்டு சொல்ல வேண்டியிருக்கிறது. ஊசிக்குப் பதிலாகப் பயன்படும் மழுங்கிய முனைக் குழாயான கேனுலா பாதுகாப்பானது என்பது 25 கேஜ் அல்லது அதைவிடத் தடித்ததற்குத்தான் பொருந்தும் (கேஜ் எண் கூடினால் குழாய் மெல்லியது). 27 கேஜ் கேனுலா தமனிச் சுவரைத் துளைக்கும் திறனில் ஊசிக்குச் சமம். ஊசியால் ஜெல்லை எலும்பை ஒட்டி வைக்கும்போது பிஸ்டனைப் பின்னிழுத்துப் பாருங்கள், ஐந்து முதல் பத்து நொடி வரை. ரத்தம் வரவில்லை என்பதால் தமனிக்குள் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள், கெட்டியான ஜெல் ஊசியை அடைத்திருந்தாலும் ரத்தம் வராது. மெதுவாக, சிறிது சிறிதாக, முனையை நகர்த்திக்கொண்டே செலுத்துங்கள். முன்பே மூக்கில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவரின் மூக்கைத் தொடாதீர்கள். தழும்பில் ரத்தக் குழாய்கள் இடம் மாறி ஒட்டிக்கிடக்கும். தோலைத் துடைக்கும் குளோர்ஹெக்சிடின் கண்ணில் பட்டால் கருவிழியைப் புண்ணாக்கும் என்பதும் நினைவிருக்கட்டும்.

மற்ற தொல்லைகள் இவ்வளவு அவசரமானவை அல்ல. கண்ணுக்குக் கீழே உள்ள குழியில் ஜெல்லை ஆழமாக வைக்காமல் தோலின் மேலாக வைத்தால் நீலம் பாரித்துத் தெரியும். அதையும் ஹையலூரானிடேஸ்தான் சரிசெய்யும். அங்கே ஒரு பக்கத்துக்கு 0.2 முதல் 0.5 மி.லி. போதும், அதற்கு மேல் போனால் காலையில் பை தொங்கும். உதட்டுக்கு முதல் முறை அரை முதல் ஒரு மி.லி. போதும். முகவாய்க்கும் தாடைக்கும் உருக்குலையாத கெட்டி ஜெல் வேண்டும். உதட்டுக்கு மென்மையான ஜெல். எல்லா இடத்துக்கும் ஒரே சிரிஞ்சைக் காட்டுபவருக்கு வேலை தெரியவில்லை என்று அர்த்தம். உதட்டோரம் அக்கிக் கொப்புளம் அடிக்கடி வருபவருக்கு உதட்டு ஊசிக்கு முன் வைரஸ் எதிர்ப்பு மாத்திரை தேவைப்படும். பல் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் இரண்டு வாரம் இடைவெளி விடுங்கள்; வாயிலிருந்து ரத்தத்தில் கலக்கும் கிருமி ஜெல்லில் போய்த் தங்கினால் மாதங்கள் கழித்துக்கூடக் கட்டி வரும். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுபவர்களுக்கும் ஃபில்லர் வேண்டாம்.

கல்யாண பேக்கேஜ்களில் எங்களை அதிகம் கவலைப்பட வைப்பது, ஒரே நாளில் ஃபேஷியல், பிளீச், த்ரெடிங், அதற்கு மேல் ஃபில்லர் என்று அடுக்குவது. ஃபேஷியலும் த்ரெடிங்கும் தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல்களைப் போட்டுவிடும். அதன் வழியே ஊசி கிருமியை உள்ளே கொண்டுபோகும். ஃபில்லருக்குப் பின் இரண்டு வாரம் முகத்தில் மசாஜ், ஆவி, ஃபேஷியல் எதுவும் கூடாது, ஜெல் நகரும். கன்றிப்போதலும் வீக்கமும் வடிய ஒன்றிரண்டு வாரம், கூடக்குறையத் தெரிந்தால் திருத்த மேலும் சில நாள். ஆகவே முகூர்த்தத்துக்கு ஒரு மாதத்துக்குள் எதுவும் வேண்டாம்.

சிரிஞ்சும் கவனிக்க வேண்டியது. 25 டிகிரிக்கு மேல் போகாமல் வைக்கச் சொல்லித்தான் பல நிறுவனங்களும் பெட்டியில் அச்சிடுகின்றன. இணையத்தில் வாங்கி, சித்திரை வெயிலில் கூரியர் வண்டியில் வந்த பெட்டிக்கு என்ன உத்தரவாதம்? முத்திரையை உங்கள் கண் முன்னே உடைக்கச் சொல்லுங்கள். இறக்குமதிச் சரக்கு என்றால் 2017-ஆம் ஆண்டு மருத்துவக் கருவிகள் விதிகளின்படி இறக்குமதி உரிம எண்ணும் இறக்குமதியாளர் முகவரியும் லேபிளில் இருக்க வேண்டும். பெட்டிக்குள் தொகுதி எண் அச்சிட்ட ஒட்டுச்சீட்டு இருக்கும். உங்கள் கோப்பில் ஒன்று, உங்கள் கையில் ஒன்று. நாளை ஏதாவது ஆனால், உள்ளே இருப்பது கரைக்கக்கூடியதா இல்லையா என்று வேறொரு மருத்துவருக்குச் சொல்வது அந்தச் சீட்டுதான். மிச்சமான ஜெல்லை எடுத்து வைத்து அடுத்தவருக்குப் போடுவது கிருமியைப் பரிமாறுவது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் உரிமமில்லாத ஓர் அழகு நிலையத்தில், ரத்தத்தைக் கொண்டு செய்யும் முக அழகு சிகிச்சை வழியாக வாடிக்கையாளர்களுக்கு எச்.ஐ.வி. பரவியதை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2024-இல் வெளியிட்டது. ஊசியே இல்லாமல் காற்றழுத்தத்தில் ஜெல்லை உள்ளே தள்ளும் ஹையலூரான் பேனாவும் வேண்டாம். தோலையும் உதட்டையும் கண்ணையும் கெடுக்கும் என்று எஃப்.டி.ஏ. 2021-லேயே எச்சரித்துவிட்டது.

வயதைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கிலாந்தில் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அழகுக்காக ஃபில்லர் போடுவது 2021 அக்டோபர் 1 முதல் குற்றம். கல்லூரி வாசலில் இருக்கும் பிள்ளைகளின் முகம் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. இங்கும் அப்படி ஒரு தடை வர வேண்டும் என்று அரசை வலியுறுத்துகிறோம்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். பதிவு பெற்ற மருத்துவர் தன் பதிவு எண்ணைச் சிகிச்சை அறையிலும் மருந்துச் சீட்டிலும் காட்ட வேண்டும் என்பது விதி. இரண்டு நாள் பயிற்சிச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பவரிடம் அந்த எண் இருக்காது. ஃபில்லரைப் பற்றிக் கட்டுரையோ விளம்பரமோ தங்கள் பக்கங்களில் வரும்போது, ஊசி போடுபவரின் மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணையும், ஹையலூரானிடேஸ் கையிருப்பு உண்டா என்பதையும் கேட்டு வாங்கி அச்சிடுங்கள். தர மறுப்பவர்களின் விளம்பரத்தை ஏற்காதீர்கள். ஏற்கெனவே பாதிக்கப்பட்ட வாசகர்கள் இந்திய மருந்தியல் ஆணையத்தின் (ஐ.பி.சி.) மருத்துவக் கருவிக் கண்காணிப்புத் திட்டத்துக்கு 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் தெரிவிக்கலாம். அப்போது ஒட்டுச்சீட்டில் உள்ள தொகுதி எண்ணைக் கேட்பார்கள்; கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

இப்படிக்கு,
தோல் மருத்துவர் ஒருவர், கண் மருத்துவர் ஒருவர்
மதுரை